ஹேவ்லாக்கில் ஸ்கூபாவும் ஸ்நார்கெலிங்கும்: குடும்பத்தோடு கடலில் இறங்குவதற்கு முன்

கேள்வி: ஜனவரியில் மதுரையிலிருந்து குடும்பத்தோடு அந்தமான் செல்கிறோம். எனக்கு 47 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மனைவிக்கு நீச்சல் தெரியாது. 13 வயது மகள் நன்றாக நீந்துவாள். மகனுக்கு 8 வயது. பயண ஏற்பாட்டாளர் தந்த திட்டத்தில் கடைசி நாள் காலை ஹேவ்லாக்கில் ஸ்கூபா, பிறகு போர்ட் பிளேருக்குக் கப்பல், பிற்பகலில் சென்னை விமானம் என்று இருக்கிறது. நால்வரும் கடலில் இறங்கலாமா? சுறா, முதலை பற்றிய பயமும் இருக்கிறது.

முதலில் அந்தக் கடைசி நாள் திட்டத்தை மாற்றுங்கள். ஸ்கூபா செய்த அன்றே விமானம் ஏறக் கூடாது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை மட்டும் டிக்கெட் எடுக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

காரணம் இதுதான். சிலிண்டரில் இருப்பது தனி ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். அது நாம் தினமும் சுவாசிக்கும் காற்றுதான்; வடிகட்டி, அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அதில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பங்கு நைட்ரஜன். கடலுக்கடியில் அழுத்தம் கூடக்கூட அந்த நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு நுரையீரல் வழியாக மெல்ல வெளியேறுகிறது. அதற்குப் பல மணி நேரம் தேவை. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஊட்டியில் இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடும். உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் அப்போது குமிழிகளாகப் பிரியலாம். மூட்டு வலி, தோலில் அரிப்பு அல்லது திட்டுகள், கைகால் மரத்துப்போதல், தலைசுற்றல், காரணமில்லாத கடும் களைப்பு என்று அது வெளிப்படும். தண்டுவடத்தைத் தாக்கினால் கால்கள் செயலிழக்கவும் கூடும்.

ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறையோ பல நாள்களோ மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் விமானத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். யார் கேட்டாலும் நான் 24 மணி நேரம் என்றுதான் சொல்வேன். போர்ட் பிளேரில் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜய புரம்) இறங்கிய மறுநாள் ஹேவ்லாக், அதற்கடுத்த நாள் விடிகாலையில் ஸ்கூபா, பிறகு ஒரு முழு நாள் கடற்கரை, அதன்பின் கப்பலும் விமானமும் என்று அமைத்துக்கொள்ளுங்கள். அந்தமானிலும் இந்திய நேரமே பின்பற்றப்படுவதால் ஜனவரியில் சூரியன் காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்து, மாலை ஐந்தரைக்குள் மறைந்துவிடும். முக்குளிப்புப் படகுகளும் காலை ஆறு, ஆறரைக்கே கிளம்பும். காலைக் கடல்தான் அமைதியானது என்பதால் அந்த நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.

மூழ்கிவிட்டு வந்த அன்றோ மறுநாளோ நான் மேலே சொன்ன அறிகுறி எதுவும் தெரிந்தால், "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று இருக்க வேண்டாம். உடனே பயிற்றுநரை அழைத்து ஆக்சிஜன் கேளுங்கள். இதற்கான சிகிச்சை அழுத்த அறையில் கொடுக்கப்படும் ஆக்சிஜன். அந்த வசதி ஹேவ்லாக்கில் இல்லை. போர்ட் பிளேரில் கடற்படையிடம் இருக்கிறது, கப்பலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். மாலைக்குப் பிறகு பயணிகள் கப்பல் ஓடாது. படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்கச் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் இரத்த அழுத்தம். ஸ்கூபாவுக்கு அழைத்துப்போகும் கடைக்குப் போனதும் ஒரு மருத்துவப் படிவம் நீட்டுவார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, நுரையீரல் பாதிப்பு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். "எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் விட மாட்டார்கள்" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லலாம். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். அந்தப் படிவத்தில் 45 வயதைக் கடந்தவர்களுக்குத் தனிப் பகுதி உண்டு. இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், குடும்பத்தில் இதய நோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். நீங்கள் அந்தப் பிரிவில் வருகிறீர்கள். உடல் நீரில் அமிழ்ந்ததும் கைகால்களில் இருக்கும் இரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்பட்டு இதயத்தின் சுமை கூடுகிறது. இரத்த அழுத்தம் உள்ள சிலருக்கு அப்போது நுரையீரலுக்குள் நீர் கசியலாம். கடல்நீர் ஒரு சொட்டும் உள்ளே போகாமலேயே மூச்சுத் திணறும். எனவே மதுரையிலேயே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். எந்த மாத்திரை என்பதையும் ஸ்கூபா செய்யப் போவதையும் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு வாருங்கள். அழுத்தம் கட்டுக்குள் இருந்து, இரண்டு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காதவர் என்றால் பல மருத்துவர்கள் அனுமதிப்பார்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். படகில் உட்கார்ந்து குடும்பத்தைப் பார்த்துக்கொள்வதும் நல்ல பயணமே.

உங்கள் மனைவியைப் பற்றி. முதன்முறை மூழ்குபவர்களுக்கான அறிமுக முக்குளிப்புக்கு நீச்சல் கட்டாயமில்லை. ஹேவ்லாக்கில் பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் என்ற முறையில் அழைத்துப்போவார்கள், பின்னாலிருந்து பிடித்தபடியே இருப்பார்கள். ஆனால் நீச்சல் தெரியாதது வேறு, தண்ணீர் என்றாலே அஞ்சுவது வேறு. முன்னது பெரிய தடையில்லை. பின்னது இருந்தால் வற்புறுத்த வேண்டாம். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஹேவ்லாக் வந்த அன்று மாலை, இடுப்பளவு நீரில் மாஸ்க் மாட்டி, நீருக்கு மேலிருந்து காற்றைத் தரும் ஸ்நார்கெல் குழாயைக் கடித்து, முகத்தை நீருக்குள் வைத்து ஐந்து நிமிடம் வாயால் மட்டும் மூச்சுவிடட்டும். அது இயல்பாக வந்தால் மறுநாள் இறங்கலாம். நெஞ்சு படபடத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். கணவனும் பிள்ளைகளும் போகிறார்களே என்பதற்காக மட்டும் அவர் இறங்கக் கூடாது.

சுறாவையும் முதலையையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது உங்கள் நுரையீரலுக்குள்ளும் காதுக்குள்ளும் இருக்கும் காற்று. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. மேற்பரப்பில் ஒரு மடங்கு, பத்து மீட்டரில் இரண்டு மடங்கு, இருபதில் மூன்று மடங்கு. கணக்கைக் கவனித்தால், முதல் பத்து மீட்டரில்தான் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அதற்குக் கீழே எந்தப் பத்து மீட்டரிலும் அப்படி ஆவதில்லை. "அறிமுக முக்குளிப்புதானே, ஆழமே இல்லையே" என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அறிமுக முக்குளிப்பின் உச்ச வரம்பு 12 மீட்டர். காற்று மிக வேகமாகச் சுருங்கி விரியும் பகுதியிலேயே முதல்முறை வருபவர் தம் முழு நேரத்தையும் கழிக்கிறார்.

அதனால் முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் காற்றால் நுரையீரலை நிரப்பி, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்து, குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் மேலே வந்த சில நிமிடங்களிலேயே மயக்கம், பக்கவாதம் போன்ற நிலை ஏற்படும். இதற்குப் பெரிய ஆழம் வேண்டியதில்லை. முழு மூச்சோடு இருந்தால் ஒன்றரை மீட்டர்கூடப் போதும். பதற்றத்தில் மனிதன் இயல்பாகச் செய்வது மூச்சை அடக்குவதும் மேலே பாய்வதும்தான், இரண்டும் இங்கே ஆபத்து. எனவே பயிற்றுநர் ஆழமில்லாத நீரில் சொல்லித்தருவதை அவசரமில்லாமல் செய்யுங்கள். மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் நழுவினால் தேடி எடுத்து மறுபடி மாட்டுவது ஆகிய இரண்டும் கையில் படியும்வரை ஆழத்துக்கு வர மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு "வாங்க போகலாம்" என்பவரிடம் "இன்னொரு முறை" என்று சொல்லுங்கள்.

அடுத்தது காது. கீழே போகும்போது செவிப்பறை உள்நோக்கி அழுத்தப்படும். மூக்கை மாஸ்க்கின் மேலாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் உள்ளே காற்று சென்று அழுத்தம் சமமாகும். வலி வருமுன் ஊத வேண்டும் என்பதே இதன் சூட்சுமம். முதல் சில மீட்டருக்கு, அரை மீட்டருக்கு ஒரு முறை ஊதினாலும் தவறில்லை. வலித்தபின் பலமாக ஊதினால் மூக்கின் பின்புறத்தைக் காதோடு இணைக்கும் உட்குழாய் இன்னும் இறுக மூடிக்கொள்ளும், செவிப்பறை கிழியவும் வாய்ப்புண்டு. வலித்தால் பயிற்றுநருக்குக் காதைச் சுட்டிக்காட்டி, ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். சளி பிடித்திருந்தால் அன்று ஸ்கூபா இல்லை. மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்குபவர்களைப் பார்க்கிறேன். மருந்தின் வீரியம் கீழே இருக்கும்போது தீர்ந்துவிட்டால், மேலேறும் வேளையில் காற்று காதுக்குள் சிக்கிக்கொள்ளும். பணம் கட்டியாயிற்றே என்ற எண்ணம்தான் இப்படிச் செய்யத் தூண்டுகிறது. சளி இருந்தால் தேதியை மாற்றித் தருவீர்களா என்று முன்பணம் கட்டும்போதே கேளுங்கள்.

சைகைகளில் ஒன்றை மட்டும் கட்டாயம் மனத்தில் இருத்துங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் தண்ணீருக்கடியில் "அருமை" என்று பொருளில்லை, "மேலே போவோம்" என்று பொருள். எல்லாம் நலம் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ சிக்கல்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கடைசியாகப் பாருங்கள். உங்களோடு இறங்கப்போகிறவர் பி.ஏ.டி.ஐ. (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) போன்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் பயிற்றுநர் சான்றிதழ் பெற்றவரா, சான்றிதழ் எண் என்ன என்று கேளுங்கள். அதைச் சரிபார்க்கும் வசதி அந்த அமைப்புகளின் இணையதளங்களில் இருக்கிறது. இதைக் கேட்டதற்குக் கடைக்காரர்கள் எரிந்து விழுந்தால் வேறு கடைக்குப் போங்கள். படமெடுப்பது யார் என்பதையும் கேளுங்கள். உங்களைப் பிடித்திருக்க வேண்டிய கையிலேயே கேமராவும் இருந்தால் அது சரியில்லை; தனி ஆள் படமெடுக்கட்டும். இறங்குமுன் ரெகுலேட்டரில் நான்கைந்து முறை மூச்சுவிட்டபடி அழுத்தமானியைப் பாருங்கள். முள் ஆடாமல் ஏறத்தாழ 200 பார் (bar, அழுத்தத்தின் அலகு) என்ற அளவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து எழுந்தால் சிலிண்டர் வால்வு சரியாகத் திறக்கப்படவில்லை. காற்றில் எண்ணெய் அல்லது புகை வாசம் வந்தால் அந்த சிலிண்டர் வேண்டாம். முந்தைய இரவு மது கூடாது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

ஸ்நார்கெலிங் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை. எல்லோரும் இதை விளையாட்டாகத்தான் நினைக்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் கடலில் மூழ்கி இறக்கும் சுற்றுலாப் பயணிகளில் அதிகமானோர் ஸ்நார்கெலிங் செய்தவர்கள். ஸ்கூபாவுக்குப் படிவம், பயிற்சி, பயிற்றுநர் என்று மூன்று அரண்கள் உண்டு. ஸ்நார்கெலிங்கில் ஒரு குழாயை வாங்கிக்கொண்டு நேராக இறங்கிவிடலாம். முகம் கவிழ்ந்து மிதப்பவர் பவளப்பாறையை ரசிக்கிறாரா, நினைவிழந்துவிட்டாரா என்பது கரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கை வீசுவதில்லை, கத்துவதில்லை. ஆகவே எப்போதும் இருவராக, கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலை தூக்கி ஒருவரையொருவர் பாருங்கள். கரை எங்கே இருக்கிறது என்பதையும் அப்போதே பாருங்கள், நீரோட்டம் இழுப்பது அப்படித்தான் தெரியும். இழுத்தால் அதை எதிர்த்துக் கரைநோக்கி முட்டி மோதாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் கடற்கரையில் வழிகாட்டி ரப்பர் வளையத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப்போவார். நீச்சல் தெரியாதவர்களுக்கு அது நல்ல முறைதான், உயிர்காப்பு அங்கியும் சேர்ந்திருந்தால். அங்கியின் பட்டைகளை இறுகக் கட்டச் சொல்லுங்கள். தளர்வாக இருந்தால் நீரில் அங்கி மேலேறி முகத்தை மறைக்கும். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் வேண்டாம். மூச்சு முட்டும்போது குழாயை வாயிலிருந்து துப்பிவிடலாம். முழு மாஸ்க்கை அந்த நொடியில் கழற்ற முடியாது. மூச்சு வாங்கினால், நீங்கள் எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும், உடனே மல்லாந்து மிதந்து குழாயை எடுத்துவிட்டுக் கரையேறுங்கள். இது உங்கள் வயதுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் குறிப்பாகச் சொல்வது.

உங்கள் மகளுக்கு ஓர் எச்சரிக்கை. நன்றாக நீந்தும் பிள்ளைகள் மூச்சுப் பிடித்துக் கீழே போய் மீனைத் தொட ஆசைப்படுவார்கள். அதற்குமுன் வேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விடுவது பழக்கம். அப்படிச் செய்தால் ஆக்சிஜன் அதிகம் சேர்வதில்லை; கரியமில வாயுதான் குறைகிறது. மூச்சுவிட வேண்டும் என்று உடலைத் தூண்டுவது அந்த வாயு. அது குறைந்துவிட்டால் எந்த உந்துதலும் தெரியாமலே ஆக்சிஜன் தீர்ந்து, மேலே வரும் வழியில் நினைவு தப்பும். முன்னறிவிப்பு இருக்காது. இதை அவளிடம் காரணத்தோடு சொல்லுங்கள், 13 வயதுக்கு நன்றாகவே புரியும்.

மகனுக்கு ஸ்கூபா கிடையாது. கடலில் மூழ்கக் குறைந்த வயது 10; அதற்குக் கீழே யாராவது சம்மதித்தால் அந்தக் கடையையே தவிர்த்துவிடுங்கள். தலையில் கவசம் மாட்டிக் கடலடியில் நடக்கவைக்கும் விளையாட்டு எலிஃபண்ட் கடற்கரையிலும் போர்ட் பிளேர் அருகிலுள்ள நார்த் பேயிலும் உண்டு. அது முக்குளிப்பு இல்லை என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். ஆனால் அங்கேயும் அழுத்தப்பட்ட காற்றையே சுவாசிக்கிறோம். காதும் மூச்சும் விமான நேரமும் அதற்கும் அப்படியே பொருந்தும். எட்டு வயதுப் பிள்ளையை நான் அதற்கு அனுப்ப மாட்டேன். அவனுக்கு ஆழமில்லாத நீரில் உங்கள் கைப்பிடியில் ஸ்நார்கெலிங், அல்லது கண்ணாடி அடித்தளப் படகு. ஹேவ்லாக்குக்கு அருகிலுள்ள நீல் தீவின் பரத்பூர் கடற்கரை அதற்கு ஏற்றது. முதுகும் பின்னங்காலும் வெயிலில் கருகிவிடும், முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள்.

சுறாக்கள்: பவளப்பாறைகளில் காணப்படுபவை பெரும்பாலும் மனிதரைக் கண்டு விலகிப்போகும். கடற்பாம்பின் நஞ்சு கொடியது, ஆனால் பிடிக்கவோ மிதிக்கவோ செய்யாதவரைக் கடிப்பது அரிது. பெரிய கிளாத்தி மீன் முட்டை காக்கும் காலத்தில் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்திருப்பதால் மேலே போகாமல் பக்கவாட்டில் விலக வேண்டும். கல்மீன், சிங்கமீன் முள் குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்திவைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். எதையும் தொடாமல், எங்கும் மிதிக்காமல் இருந்தால் இவற்றில் பெரும்பாலானவை உங்களுக்கு நேராது.

முதலைப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2010 ஏப்ரலில் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய நீல்ஸ் கோவ் பகுதியில் ஸ்நார்கெலிங் செய்த அமெரிக்கப் பெண் ஒருவரை உவர்நீர் முதலை கொன்றது. சதுப்புநிலக் காடு, ஓடை முகத்துவாரம், கலங்கிய நீர், அந்திப்பொழுது ஆகியவை முதலைக்கு உகந்தவை. அவற்றைத் தவிருங்கள். எச்சரிக்கைப் பலகையோ கொடியோ இருந்தால், உயிர்காப்பாளர் கையைக் காட்டி வெளியே வா என்றால், மறுபேச்சில்லாமல் வெளியே வந்துவிடுங்கள்.

பவளத்தின் மேல் நிற்கக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2010இல் கடல் வெப்பமேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. ஆழமில்லாத இடங்களில் இறந்த பவளத்தையே இன்றும் அதிகம் காண்பீர்கள். மீண்டு வளரும் கிளை ஒன்று காலில் மாட்டும் உங்கள் துடுப்பு (ஃபின்) பட்டு உடைந்தால், மறுபடி வளரப் பல ஆண்டுகள் ஆகும். கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்ளவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள்.

உங்கள் மகளுக்கு அறிமுக முக்குளிப்பு பிடித்துப்போனால், அடுத்த விடுமுறையில் மூன்று நான்கு நாள் எடுத்து முறையான சான்றிதழ்ப் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும், அவளுக்கு அது சிரமமாக இருக்காது. அவள் வயதில் பெரியவர் துணையோடு 18 மீட்டர் வரை அனுமதி உண்டு. ஹேவ்லாக்கின் புகழ்பெற்ற ஆழ்ந்த இடங்களான டிக்ஸன்ஸ் பினக்கிள், ஜானீஸ் கார்ஜ் ஆகியவற்றுக்கு, பர்மாவிலிருந்து வந்து அந்தமானில் குடியேறிய கரென் இனத்து முக்குளிப்பாளர்களின் பெயர்களே வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே போக அவள் இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.